அம்மாவின் மோதிர விரல் காலையில் மடங்கியே நிற்கிறது, மூட்டுத் தேய்மானமா?

செவ்வாய்பேட்டைக்காரன்:
அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. 30 வருடமாகக் கொலுசு வேலை, கையில் எப்போதும் குறடுதான். இரண்டு மாதமாக, காலையில் எழுந்தால் வலது மோதிர விரல் மடங்கியே கிடக்கிறது. இடது கையால் நிமிர்த்தினால் 'டக்'கென்று சொடக்குப் போட்ட மாதிரி விடுகிறது. நடு மூட்டில்தான் வலி என்கிறார். சுளுக்கு என்று இரண்டு தடவை உருவிவிட்டாச்சு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

ஏற்காட்டு மருமகள்:
எங்க மாமியாருக்குக் கட்டைவிரலில் இதே கதை. காபித் தோட்டத்தில் கவாத்துக் கத்தரி பிடித்த கைங்க. காலையில் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும், அவ்வளவுதான்.

பிசியோ அக்கா:
தம்பி, இது 'டிரிக்கர் ஃபிங்கர்' மாதிரி இருக்கிறது. சிக்குவது நடு மூட்டில் தெரிந்தாலும் கோளாறு அங்கே இல்லை. உள்ளங்கையில் அந்த விரலுக்கு நேர் கீழே, குறுக்கு ரேகை ஓடும் இடத்தில் அழுத்தி, விரலை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். பட்டாணி மாதிரி ஒன்று நகருதா பாருங்கள்.

நாம் நரம்பு என்று சொல்லும் தசைநாண் அங்கே ஏ1 என்ற நார் வளையத்துக்குள் நுழைகிறது. குறட்டை இறுக்கும்போதெல்லாம் நாண் அந்த வளையத்தில் அழுந்தி உராயும். வருடக்கணக்கில் அடி வாங்கிய நார்த்திசு மெல்லக் குருத்தெலும்பு மாதிரி மாறிவிடும். வளையம் தடித்து உள்வழி குறுகும், நாணும் அங்கே முடிச்சாகப் புடைக்கும். நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1850-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்தால் மடிப்புக்குள் போக மறுக்குமே, அதேதான். மடக்கும் தசைக்குப் பலம் அதிகம், முடிச்சை இழுத்துவிடும். நீட்டும் தசையால் அதைத் திரும்பத் தள்ள முடியாது.

எலும்பில் கோளாறு இல்லாததால் எக்ஸ்ரேயில் தெரியாது. சர்க்கரை நாள்பட்டால் நார்த்திசு விறைக்கும், அதனால் சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம். உருவி விடுவதை முதலில் நிறுத்துங்கள், தடித்த வளையம் அதில் மெலியாது.

செவ்வாய்பேட்டைக்காரன்:
பட்டாணி இருக்குங்க அக்கா! தொட்டதும் "அங்கதான்டா" என்று கையை இழுத்துக்கொண்டார். இதற்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்களாமே, போட்டால் சர்க்கரை ஏறுமா?

பிசியோ அக்கா:
சில நாள் ஏறும், வீட்டிலேயே அளந்து பாருங்கள். சர்க்கரை இருப்பதை எலும்பு டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை ராத்திரி விரல் மடங்காமல் பட்டை கட்டலாம். ஊசிக்கும் அடங்காவிட்டால் உள்ளங்கையை மட்டும் மரக்க வைத்து வளையத்தை வெட்டிவிடுவார்கள், சின்ன ஆபரேஷன்தான். அப்புறம், குறட்டுப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள்.