கலர்னா எங்க ஊர்ல ஒரே கலர்தான்

விருதுநகர்க்காரி:
விளம்பரத்தைப் பார்த்துட்டு உங்க முகமே உங்களுக்குப் பிடிக்காம போனதுண்டா? நானே ஆரம்பிக்கிறேன். எட்டாவது படிக்கிறப்ப, 2001 இருக்கும். சிவப்பழகு க்ரீம் டப்பாவோட ஒரு அட்டை வரும். அதுல ஒரே பொண்ணு முகம் வரிசையா இருக்கும். இந்த ஓரத்துல கறுப்பு, போகப் போக வெளுத்து அந்த ஓரத்துல பளிச். ரசம் போன கண்ணாடி முன்னாடி அக்காவும் நானும் அதைக் கன்னத்தோட ஒட்டி வெச்சுக்கிட்டு, நாலா அஞ்சான்னு சண்டை போடுவோம். சித்திரை வெயில்ல ஒரு நம்பர் இறங்கிடும். நான் கபடியை விட்டது அந்த அட்டைக்காகத்தான். அம்மாகிட்ட கால் வலின்னு சொன்னேன்.

அப்ப டிவியில ஒரு விளம்பரம் வரும். பையன் இல்லையேன்னு அப்பா புலம்புவார், பொண்ணு க்ரீம் பூசி ஏர்ஹோஸ்டஸ் ஆகிடுவா. மாதர் சங்கம் புகார் கொடுத்து 2003-ல அது நின்னுபோச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. எங்களுக்கு அது விளம்பரமாவே தெரியல, வேலைவாய்ப்புச் செய்தி மாதிரிதான் இருந்துச்சு.

ஆல்பம் டிசைனர், பாளை:
அக்கா, அந்த அட்டை இப்ப என் கம்ப்யூட்டர்ல இருக்கு. கல்யாண ஆல்பம் பண்றேன். பொண்ணு வீட்டுல வந்ததும் சொல்றது, "தம்பி, பாப்பா கொஞ்சம் கலரா இருக்கட்டும்." எந்தக் கலர்னு நான் கேக்கறதே இல்ல. மாதிரிக்கு நகைக்கடை போஸ்டரை செல்போன்ல காட்டுவாங்க. வடநாட்டு மாடல், மேக்கப், லைட்டு, அதுக்கு மேல ரீடச்சிங். அந்த மாடலே நேர்ல அந்த நிறம் இருக்காதுன்னு சொன்னா சிரிப்பாங்க.

ஒரு தடவை அவசரத்துல முகத்தையும் கழுத்தையும் வெளுத்துட்டு கையை விட்டுட்டேன். மாலை மாத்துற படம். பின்னால நிக்கிற தோழி கையை நீட்டின மாதிரி இருந்துச்சு. பிரிண்ட் போட்ட அப்புறம்தான் கவனிச்சோம். வீட்டுல கோவிச்சுக்கல, "கையையும் மாத்திடுங்க"ன்னு திருப்பிக் கொடுத்தாங்க. பொண்ணு மட்டும் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்துச்சு. மருதாணி நல்லா பிடிச்சிருந்த கை.

ஹாஸ்டல் வாசி:
எனக்கு அட்டையோட நிக்கல. ரூம்மேட் சொன்னான்னு மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கினேன். பத்தே நாள்ல முகம் பளபளன்னு ஆச்சு, ஃப்ளோர்ல பாதிப் பேர் பேரு கேட்டு வாங்கினாங்க. ஆறு மாசத்துல கன்னத்துல நூல் மாதிரி சிவப்பு நரம்பு, பொடிப்பொடியா பரு, மேலுதட்டுல முடி. நிறுத்தினா மிளகாய் அரைச்சுப் பூசின எரிச்சல், திரும்பப் பூசினா அடங்கும். அதனாலேயே விட முடியல.

தோல் டாக்டர் ட்யூபைத் திருப்பி வாய்விட்டுப் படிச்சார்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியா சொன்னது ஸ்டீராய்டு. மங்குக்குக் கொஞ்ச நாள் மட்டும், டாக்டர் பார்வையில பூசற மருந்தாம். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2018-லேயே சொல்லியாச்சு. நான் வாங்கினது அதுக்கப்புறம்தான். யாரும் சீட்டு கேக்கல. தேற ஒன்றரை வருஷம் ஆச்சு. கடை பேரெல்லாம் இங்க வேண்டாம்.

மளிகைக்கடை பக்கத்து வீடு:
2020-ல அந்தப் பிரபல க்ரீம் "ஃபேர்"ஐ எடுத்துட்டு "க்ளோ"ன்னு வெச்சுக்கிச்சு இல்லையா? எங்க தெருவுல இன்னும் பழைய பேரைச் சொல்லித்தான் கேக்கறாங்க. அண்ணாச்சியும் கேள்வி கேக்காம எடுத்துக் கொடுக்கறார்.

விருதுநகர்க்காரி:
என் பொண்ணு இப்ப பத்தாவது. க்ரீமே வாங்கினதில்லை, எனக்கு அதுல ஒரு பெருமை. போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு போட்டோ கேட்டாங்கன்னு போன்ல எடுத்ததையே பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கா. டீச்சர் திருப்பி அனுப்பிட்டாங்க. அங்க அடையாளம், "இடது கன்னத்தில் ஒரு மச்சம்." படத்துல மச்சத்தையே காணோம். "ஃபில்டர் தானா அழிச்சிருச்சும்மா, இதுதானே நல்லா இருக்கு"ங்கறா.

நாளைக்கு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போறேன். தம்பி, நீங்க பக்கத்துல இருந்தா உங்ககிட்டயே வந்திருப்பேன், மச்சத்தை மட்டும் விட்டு வைங்கன்னு.