மார்பக ஆபரேஷனுக்குப் பின் டிரெயின் டியூபை வீட்டில் பராமரிப்பது எப்படி?

கேள்வி: அக்காவுக்கு இடது மார்பகத்தோடு அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். காயத்தில் ஊறும் நீரை வெளியே இழுக்கும் டிரெயின் டியூபும், அது சேரும் டப்பாவுமாக டிஸ்சார்ஜ். டப்பாவை எப்படிக் காலி செய்வது? நீர் சட்டென்று குறைந்தால் நல்லதா? கையைத் தூக்கலாமா?

பதில் (வார்டு நர்ஸ்): சோப்புப் போட்டுக் கை கழுவி, தினமும் ஒரே நேரத்தில் காலி பண்ணுங்க. முதலில் கிளாம்பை (டியூபை அடைக்கும் கிளிப்) பூட்டணும். அளவுக் கப்பில் ஊற்றி மி.லி., நிறம் இரண்டையும் எழுதுங்க. டப்பாவை நன்றாக அமுக்கி, அமுக்கினபடியே மூடி, கடைசியில் கிளாம்பைத் திறங்க. டப்பா உப்பியிருந்தால் நீரை இழுக்காது. கிளாம்பைத் திறக்க மறப்பதுதான் அடிக்கடி நடப்பது.

பதில்: சட்டென்று குறைந்தால் அடைப்பாக இருக்கலாம். டியூபுக்குள் நூல்போல ரத்தக்கட்டி தெரியும். தோலருகே ஒரு கையால் டியூபை இறுகப் பிடித்து, மறு கையால் டப்பா பக்கம் உருவுங்க. பிடிக்காமல் உருவினால் தையல் இழுபடும். நீரின் சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறமாகி, 24 மணி நேரத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்தால் பொதுவாக டிரெயினை எடுத்துவிடுவார்கள். எடுத்தபின் அக்குளில் நீர் கோத்து வீங்கினால் சர்ஜன்தான் ஊசியால் எடுக்கணும், வீட்டில் அழுத்தாதீங்க.

பதில் (பிசியோ): டிரெயின் இருக்கும்வரை தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம். முழங்கை தோளுக்கு மேல் போகாமல் தலை வாருவது, சாப்பிடுவது, முஷ்டி மடக்கி விரிப்பது எல்லாம் செய்யட்டும். அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிவிடும், அது தனி வேதனை. இடது கையில் பிபி, ஊசி வேண்டாம் என்று போகுமிடமெல்லாம் சொல்லச் சொல்லுங்க. 100.4 டிகிரி காய்ச்சல், சீழ், டப்பா கடகடவென்று ரத்தமாக நிறைவது: உடனே ஆஸ்பத்திரி.