ஜானகியின் முடிவும் சண்முகியின் பேச்சும்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

அத்தை: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இங்கே வரும்போது கமல்ஹாசன் நடித்த 'அவ்வை சண்முகி' படத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து கூச்சமின்றிச் சிரிக்கக்கூடிய படங்கள் குறைவு.

அக்கா: எனக்கும் பிடித்த படம்தான் அத்தை. ஆனால் அண்மையில் மீண்டும் பார்த்தபோது ஜானகியை நினைத்து வருத்தமாக இருந்தது. அப்பாவின் எதிர்ப்பை மீறி மணந்தவள், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று விவாகரத்து கேட்கிறாள். பிரிந்த மகளோடு இருப்பதற்காகக் கணவர் சண்முகி என்ற பெண்ணாக வேடமிட்டு மாமனார் வீட்டிலேயே வேலைக்குச் சேர்கிறார். அவள் விவாகரத்து கேட்ட காரணங்களைத் தொடக்கத்தில் வேகமாகக் கடந்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் அவள் மனம் மாற வேண்டும் என்று நம்மையே விரும்ப வைத்துவிடுகிறார்கள்.

சித்தப்பா: குழந்தைக்காகப் பெற்றோர் சேர்வதில் என்ன குறை அம்மா? 1996 தீபாவளிக்கு வந்த குடும்பப் படம் வேறு எப்படி முடிந்திருக்க முடியும்?

நான்: வேறு மாதிரியும் முடித்திருக்கலாம் சித்தப்பா. இதற்குத் தூண்டுதலான 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்ற ஆங்கிலப் படம் 1993இல் வந்தது. அதில் கணவன் மனைவியாக வரும் ராபின் வில்லியம்ஸும் சாலி ஃபீல்டும் கடைசிவரை சேர்வதில்லை. மனைவி தன் முடிவில் நிற்கிறாள், ஆனாலும் பிள்ளைகளை அன்றாடம் பார்க்கத் தந்தைக்கு வழி விடுகிறாள். அவருக்குப் பெண் வேடம் போட்டுவிடும் சகோதரரும் அவருடைய ஆண் துணைவரும் அந்தக் குடும்பத்தில் சாதாரண உறவினர்களாகவே வந்துபோகிறார்கள்.

சித்தப்பா: நம் படத்துக்கு வேறொரு வேரும் இருக்கிறது. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்ற பாய்ஸ் கம்பெனி நாடக மரபில் வளர்ந்து, ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி. கே. சண்முகத்தின் நினைவாகத்தான் அந்தப் பெயர். கமல்ஹாசனும் அவருடைய குழுவில் பயின்றவர்.

அக்கா: அந்த மரபை நானும் மதிக்கிறேன் சித்தப்பா. ஆனால் வீட்டை நிமிர்த்தும் சாமர்த்தியமும் கிரேசி மோகனின் கூர்மையான வசனங்களும் சண்முகிக்கே போய்விட, உண்மையான பெண்ணான ஜானகியாக வரும் மீனாவுக்குக் கோபமும் கண்ணீரும்தான் மிஞ்சுகின்றன. பெண்ணின் அறிவை ஆண்தான் பேசிக் காட்ட வேண்டுமா?

அத்தை: நீ சொல்வது நியாயம்தான். இருந்தாலும் நாசர் நடித்த பாஷாவை நீங்கள் யாரும் பேசவில்லையே. வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு முஸ்லிம் வாய் பேசாத ஐயராகச் சமையலறைக்குள் நுழைகிறார். பெயரை விசாரித்து வாடகைக்கு வீடு மறுத்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், அதனால் அவர் வாய் மூடி நிற்பதைப் பார்த்துச் சிரிக்கும்போதே எனக்கு நெஞ்சு கனக்கும். தோல் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த ஜானகியின் அப்பா சமையற்காரரின் மதத்தை மட்டும் பார்ப்பது எவ்வளவு பெரிய பொய் என்பதைச் சிரிப்பின் நடுவே உணர்த்திய துணிச்சல் இன்றும் அரிது.

நான்: அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் அத்தை. வேலைக்கு வந்த சண்முகியின் பின்னால், முதலாளியான அந்த அப்பாவாக வரும் ஜெமினி கணேசனும், வீட்டு உரிமையாளராக வரும் மணிவண்ணனும் அலைவதும் அப்படித்தான். வேடத்துக்குள் இருப்பது ஆண் என்பதால் நாம் சிரிக்கிறோம், உண்மையிலேயே ஒரு பெண்ணாக இருந்தால் அவள் அந்த வேலையில் எப்படி நீடிப்பாள்?

அத்தை: வேலைக்குப் போன காலத்தில் அந்தத் தொல்லையை நானும் அறிவேன். படத்தைக் கட்டாயம் பார்ப்போம். பேத்திகளுக்கு இப்போது விவரம் புரியும் வயது, ஜானகி திரும்பிப் போனது சரியா என்று முதலில் அவர்களிடம் கேட்கப் போகிறேன், அதுவரை நீங்கள் இருவரும் பதில் சொல்லிக்கொடுக்கக் கூடாது.