மரவாடியும் பெட்போர்ட் லொறியும்: வன்னிக் காட்டில் வேலை செய்தவர்கள் எழுதுங்கள்

நெடுங்கேணி றோட்டு:

போன மாதம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். வாசல் நிலையைக் கழற்றிக் கொண்டுபோக நாலு பேர் திணறினார்கள். கிட்டப் போய், அடிபட்டிருந்த ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அழுக்குக்கும் வார்னிஷுக்கும் கீழே அந்த மஞ்சள் மினுக்கம் அப்படியே இருந்தது. முதிரை மரம். அதைக் கண்ட நேரத்திலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

குடாநாட்டில் காடு இல்லை. பனையை விட்டால், எங்கள் வீடுகளின் கதவு, நிலை, யன்னல், வளை என்று நல்ல மரமெல்லாம் ஆனையிறவைத் தாண்டி, வன்னிக் காட்டிலிருந்துதான் வந்தன. அவற்றைக் கொண்டுவந்த லொறிகளில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா. மரக்காலை, அதாவது மரம் விற்கிற இடம், வைத்திருந்த ஒரு முதலாளியின் பெட்போர்ட். 1974 ஆவணி விடுமுறையில் முதல்முறையாக என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்த லொறிக்குப் பற்றரி இருந்தும் இல்லாத மாதிரி. முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் எடுப்பார்கள். கிளீனராக இருந்த அண்ணை எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இது: "பெருவிரலை மற்றப் பக்கத்தாலை சுத்திப் பிடியாதை. அஞ்சு விரலும் ஒரே பக்கம் இருக்க வேணும். கீழையிருந்து மேலை இழு, அமத்தாதை." எஞ்சின் திருப்பி அடித்தால் ஹாண்டில் எதிர்ப்பக்கம் சுழலும். பெருவிரல் வளைந்து இருந்தால் கை தப்பாது. அவருடைய வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு மாங்குளம் போனோம். அங்கே கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், பிறகு நெடுங்கேணிப் பக்கம். தார் றோட்டை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்கும் இடத்தில் அப்பா எஞ்சினை நிற்பாட்டாமல் இறங்கி, ஒரு குழையை முறித்து மரக்கவட்டில் செருகினார். அங்கே ஏற்கெனவே காய்ந்த குழைகள் குவிந்து கிடந்தன. "பிள்ளையாருக்கு" என்றார், அவ்வளவுதான்.

மரம் வெட்டுகிறவர்கள் காட்டுக்குள் தங்குகிற வாடி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு கப்பு (நட்ட மரக்கால்), மேலே இலுக்குப் புல், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தடியால் கட்டிய படுக்கை. சுவர் கிடையாது. நடுவில் விடிய விடிய எரியும் கட்டை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தண்ணீர் பக்கத்து மோட்டையில், அதாவது சின்னக் காட்டுக் குளத்தில். மாடும் மானும் இறங்கிக் கலக்கிய தண்ணீர், கொதிக்க வைத்துத் தேயிலைச் சாயம் போட்டால்தான் வாயில் வைக்கலாம். மலேரியா வராத ஆள் அங்கே இருக்கவில்லை. காய்ச்சல் வந்தவரை லொறி வரும் நாளில்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியும். அது சுகமான சீவியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர்களுடைய கைத்திறன்! மூத்த மரவெட்டி ஒருவரை எல்லோரும் அப்பு என்று கூப்பிடுவோம். வெட்டுவதற்கு முன் கோடாலியின் பின்பக்கத்தால் மரத்தை மூன்று இடத்தில் தட்டுவார்: அடியில், இடுப்பளவில், கை எட்டும் உயரத்தில். தட்டும்போது வாயைக் கொஞ்சம் திறந்தபடி அசையாமல் நிற்பார். நல்ல மரம் ‘ணங்’ என்று கோடாலியைத் திருப்பி அடிக்கும். உள்ளே கோறை விழுந்த பாலை மரம் ‘தொம்’ என்று சத்தத்தை உள்ளே விழுங்கும். தொம் என்றால் அந்த மரத்தை விட்டுவிடுவார். "அது கரடிக்கும் தேனுக்கும் இருக்கட்டும்" என்பார்.

சாயவேண்டிய பக்கத்தில் கோடாலியால் கொத்தி எடுத்துவிட்டு, மறுபக்கத்தில் இரண்டு பேர் வாள் இழுப்பார்கள். விழுந்த மரத்தைக் குற்றிகளாகத் துண்டாக்கி, மாடு பூட்டிப் பாதைக்கு இழுத்து வருவார்கள். ஏற்றுவதுதான் பெரிய வேலை. கிரேன் ஏது? லொறியின் பக்கப் பலகையைக் கழற்றி, இரண்டு நீளக் கட்டைகளைச் சாய்த்து வைப்பார்கள். கயிற்றின் ஒரு நுனியை லொறியில் கட்டி, குற்றியின் அடியால் விட்டு எடுத்து, மற்ற நுனியை லொறிக்கு மேலால் மறுபக்கம் கொண்டுபோய் மாட்டைப் பூட்டி இழுக்க, குற்றி அந்தக் கயிற்று மடிப்புக்குள் உருண்டு உருண்டு மேலே ஏறும். பின்னால் இரண்டு பேர் அலவாங்கோடு நிற்பார்கள். ஒவ்வொரு முழத்துக்கும் அணைக்கட்டை வைக்க வேண்டும்.

ஒருநாள் கயிறு அறுந்தது. கட்டை வைத்தவர் அந்தக் கணத்துக்குச் சற்று முன்தான் கையை எடுத்திருந்தார். குற்றி அணைக்கட்டையைச் சிராம்பாக்கிவிட்டு, வந்த வழியே நிலத்தில் போய் விழுந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. அப்பு அந்தச் சிராம்புகளைப் பொறுக்கி அடுப்புக்குள் போட்டார். தேநீர் குடித்தோம். பிறகு வேறு கயிறு எடுத்தார்கள்.

காட்டுக் கந்தோர் (வன இலாகா) ஆள் வந்து வெட்டுமுகத்தில் எழுத்துச் சுத்தியலால் குத்தினால்தான் மரம் றோட்டுக்கு வரலாம். கையில் பெர்மிற்றும் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது மணிக்குப் பதினைந்து மைல் போனாலே அதிகம். ஒவ்வொரு பள்ளத்திலும் சங்கிலி முனகும். அந்த முனகலின் மாற்றத்தை வைத்தே எந்தக் குற்றி அசைகிறது என்று அப்பா சொல்லிவிடுவார்.

வாடியில் இருந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். மிசின், லொறி, மாடு, சாப்பாடு, எதுவானாலும் சரி.

கிளிநொச்சி உழவன்:

நான் வாடிக் காலத்துக்குப் பிந்தியவன். 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதை நாடு முழுக்க நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் சண்டையும் அதே ஆண்டு திரும்பத் தொடங்கியது. பழைய முதலாளிமாரின் லொறிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. பாரம் இழுத்ததெல்லாம் உழவு மிசின் (டிராக்டர்) தான். எங்களிடம் இருந்தது மசி பேர்கசன் 35, மூன்று சிலிண்டர். அதில் கியர்ப் பக்கத்து லீவர் ஒன்றை ‘எஸ்’ என்ற இடத்தில் வைத்தால்தான் ஸ்டார்ட் வரும். கியரில் கிடக்கிற மிசின் தவறிப் பாய்ந்துவிடாமல் அப்படி வைத்திருந்தார்கள்.

சண்டைக் காலத்தில் வன்னிக்கு டீசல் வரத் தடை. மண்ணெண்ணெய்தான் ஊற்றினோம். டீசலில் இருக்கிற வழுக்கல் அதில் இல்லை, பம்ப் தேய்ந்துபோகும். அதனால் கொஞ்சம் ஒயில் கலப்போம். கூடக் கலந்தால் கரும்புகை, குறைத்தால் பம்ப் கத்தும். அளவை மூக்கால்தான் பிடித்தேன்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து சனம் கிளாலிக் கடலேரியால் வந்து இறங்கியபடி இருந்தது. எல்லோருக்கும் முதலில் தேவைப்பட்டது கொட்டில் போடக் கப்பும் தடியும். இரணைமடுப் பக்கத்துப் பற்றைக் காட்டிலிருந்து மிசினில் கொழுவிய இழுவைப் பெட்டியில் பெட்டி பெட்டியாக இழுத்தேன். ஒரு குடும்பத்துக்கு ஆறு கப்பு, ஒரு முகட்டு வளை, பாய்ச்சுத்தடி ஒரு கட்டு. ஒரு வாத்தியார் ஐயா, சுன்னாகத்தில் முதிரைக் கதவு போட்ட வீடு வைத்திருந்தவராம், கப்பைத் தடவிப் பார்த்து "இது என்ன மரம் தம்பி?" என்று கேட்டார். வீரை என்றேன். "கறையான் அரிக்குமோ?" என்றார். அந்தக் கேள்வியில் அவர் எவ்வளவு காலம் இருக்கப் போவதாக நினைத்தார் என்று எனக்கு விளங்கியது. இண்டைக்கும் மறக்கவில்லை.

மிசினை 2009இல் விசுவமடு தாண்டி விட்டுவிட்டு நடந்தோம். பெட்டி கொழுவுகிற ஊசியை மட்டும் ஏனோ கழற்றி எடுத்துக்கொண்டேன். இப்போது வீட்டில் கதவுக்கு அண்டை கொடுக்கிறது.

முள்ளியவளைப் பிள்ளை:

லொறிக்காரரின் கதையைப் படித்தபோது அய்யாவின் வாசம் வந்தது. அவர் மரம் அரிகிறவர். கிடங்கு வெட்டி, மேலே குற்றியைப் போட்டு, கரிநூல் அடித்துக் கோடு போட்டு, அய்யா மேலேயும் சித்தப்பா கீழேயும் நின்று வாள் இழுப்பார்கள். கோட்டைப் பார்ப்பது மேலே நிற்பவர். தூள் முழுக்கக் கீழே நிற்பவரின் தலையில். பாலை என்றால் பரவாயில்லை. முதிரைத் தூள் வியர்வையில் பட்டால் சொறியத் தொடங்கும், கழுத்தெல்லாம் தடித்துவிடும். முதிரை அரிகிற நாளில் அம்மா பெரிய பானையில் வேப்பிலை அவித்து வைத்திருப்பா. சித்தப்பா படலையைத் திறந்து நேராகக் கிணற்றடிக்குப் போவார், அதற்குப் பிறகுதான் பேச்சு.

அந்த அழகான கதவுகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது சித்தப்பாவின் கழுத்து. அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். ஆனி, ஆடியில் வாடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் சும்மா வரமாட்டார்கள், சாரத்தில் முடிந்து பாலைப்பழம் வரும். நாலு பழம் தின்றால் பால் பிடித்து உதடு ஒட்டும். மிஞ்சியதை அம்மா காய்ச்சிப் பாணி எடுப்பா. போத்தலில் ஊற்றி, புட்டுக்கு.

லண்டன் பேரன்:

அப்பப்பா மாங்குளத்தில் மரக் கணக்குப் பார்த்தவர். அவருடைய கொப்பி ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒரு வரியில் ‘மு 48 – 10 – 10’ என்று எழுதியிருக்கிறார். பக்கம் முழுக்க இப்படித்தான். இது என்ன என்று யாராவது சொல்வீர்களா?

நெடுங்கேணி றோட்டு:

தம்பி, கொப்பியைக் கவனமாக வைத்திருங்கள். அது குற்றிக் கணக்கு. முதல் எண் நடுப்பகுதியின் சுற்றளவு, அங்குலத்தில். இரண்டாவது நீளம், அடியில். சுற்றளவை நாலாகப் பிரித்தால் 12. அதை அதாலேயே பெருக்கினால் 144. பத்தடி நீளத்தால் பெருக்கி 144ஆல் பிரித்தால் 10. அதுதான் மூன்றாவது எண், பத்துக் கன அடி.

உண்மையில் அந்தக் குற்றியில் பன்னிரண்டே முக்கால் கன அடி வரை மரம் இருக்கும். பட்டையும் சதுரமாக்கும்போது போகிற ஓரப் பலகையும் கழிவு என்று அந்தக் கணக்கே குறைத்துத்தான் காட்டும். அப்பா இதை லொறியில் இருந்தபடி மனக்கணக்காகப் போடுவார்.

‘மு’ முதிரை. ‘பா’ என்று இருந்தால் பாலை, ‘க’ என்றால் கருங்காலியாக இருக்கும். பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போடுங்கள். ஓரத்தில் லொறி இலக்கம் எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.