திரையில் பட்டன் தெரிகிறது, டெஸ்ட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை

நள்ளிரவு_பில்ட்:
வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது. ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றுக்கு அப்பியமும் (ஆப்பைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) அதன் ஆண்ட்ராய்டு பகுதியான யூஐஆட்டோமேட்டர் 2 டிரைவரும் வைத்து டெஸ்ட் எழுதியிருக்கிறேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் லாகின் திரையைப் பழைய எக்ஸ்எம்எல் லேஅவுட்டிலிருந்து ஜெட்பேக் கம்போஸுக்கு (ஆண்ட்ராய்டில் திரை எழுதும் புது முறை) மாற்றினார்கள். அன்றிலிருந்து லாகின் பட்டனைத் தேடும் வரியிலேயே "நோ சச் எலிமென்ட்" (அப்படி ஒன்று இல்லை) என்று விழுகிறது. விழுந்த கணத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் பட்டன் பளிச்சென்று இருக்கிறது! காத்திருக்கும் நேரத்தை 10 நொடியிலிருந்து 30 ஆக்கினேன். 20 நொடி தாமதமாகத் தோற்றதுதான் மிச்சம். டெவலப்பர்களோ ஐடி பழையதேதான், கை வைக்கவில்லை என்கிறார்கள்.

சும்மா_ஓட்டுவோம்:
அந்த வரிக்கு முன்னால் ஒரு ஸ்லீப் 15, அதாவது 15 நொடி சும்மா நிற்கும் கட்டளை, போட்டுப் பாருங்கள். எனக்கு எப்போதும் வேலை செய்யும்.

பூச்சி_பிடிப்பவர்:
30 நொடி காத்தும் வராத எலிமென்ட் இன்னொரு 15 நொடியில் வந்துவிடுமா? ஸ்லீப்பை விடுங்கள்.

நண்பரே, ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அது மனிதக் கண்ணுக்கானது. யூஐஆட்டோமேட்டர் பார்ப்பது அக்சசிபிலிட்டி மரத்தை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலி பார்க்கிறதே, அதே மரம். அதில் இல்லாததை எவ்வளவு நேரம் தேடினாலும் கிடைக்காது. டெஸ்ட் தோற்கும் இடத்தில் பேஜ் சோர்ஸை (அந்த மரத்தின் எழுத்து வடிவம்) ஒரு ஃபைலில் எழுத வையுங்கள். அதில் பட்டன் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள், மேலே பேசுவோம்.

நள்ளிரவு_பில்ட்:
எடுத்தேன். "உள்நுழை" என்ற எழுத்து இருக்கிறது. ஆனால் ரிசோர்ஸ் ஐடி (டெஸ்ட் தேடும் ஐடி) என்ற இடம் காலி. டெவலப்பரிடம் கேட்டால் டெஸ்ட்டேக் (டெஸ்ட்டுக்காக கம்போஸில் வைக்கும் பெயர்) வைத்திருக்கிறேனே என்கிறார். குறியீட்டிலும் "லாகின்_பட்டன்" என்று இருக்கிறது.

பூச்சி_பிடிப்பவர்:
அதுதான் விஷயம். கம்போஸின் டெஸ்ட்டேக் தானாக வெளியே தெரியாது. கம்போஸின் சொந்த டெஸ்ட்டுகளுக்கு மட்டும் தெரியும். திரையின் வேர் கம்போசபிளில் (எல்லாவற்றையும் உள்ளடக்கிய மேல் பகுதி) செமான்டிக்ஸ் மாடிஃபையர் (மரத்துக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்வது) போட்டு, டெஸ்ட்டேக்ஸ்ஆஸ்ரிசோர்ஸ்ஐடி என்பதை ட்ரூ ஆக்கச் சொல்லுங்கள். வேரில் ஒரு தடவை போட்டால் அதன் கீழுள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். கம்போஸ் 1.2 முதல் இந்த வசதி உண்டு.

நள்ளிரவு_பில்ட்:
போட்டார்கள். பேஜ் சோர்ஸில் இப்போது ரிசோர்ஸ் ஐடி "லாகின்_பட்டன்" என்று அழகாக வருகிறது. ஆனாலும் ஐடி வைத்துத் தேடினால் அதே பிழை! எக்ஸ்பாத்தில் (மரத்தில் பாதை சொல்லித் தேடும் முறை) ரிசோர்ஸ் ஐடியைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

சும்மா_ஓட்டுவோம்:
எக்ஸ்பாத்தில் கிடைக்கிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளலாமே?

எக்ஸ்பாத்_எதிரி:
வைத்துக்கொள்ளலாம், மெதுவாக ஓடும். ஒவ்வொரு தேடலுக்கும் மரம் முழுவதையும் எக்ஸ்எம்எல்லாக மாற்றியாக வேண்டும்.

காரணம் இதுதான். பழைய எக்ஸ்எம்எல் திரை உறுப்புகளின் உண்மையான ஐடி, பேக்கேஜ் பெயர் (ஆப்பின் அடையாளப் பெயர்), அதன்பின் ":ஐடி/", கடைசியில் பெயர் என்று நீளமாக இருக்கும். நாம் சோம்பேறித்தனமாகக் கடைசிப் பெயரை மட்டும் கொடுப்போம். முன்பகுதியை டிரைவரே ஒட்டிக்கொள்ளும். கம்போஸ் தருவதோ முன்பகுதி இல்லாத வெறும் பெயர். டிரைவர் பழக்கதோஷத்தில் பேக்கேஜ் பெயரை ஒட்டித் தேடுகிறது, அப்படி ஒன்று மரத்திலேயே இல்லை. எக்ஸ்பாத்தில் யாரும் எதையும் ஒட்டுவதில்லை, அதனால் கிடைத்தது.

டிசேபிள்ஐடிலொகேட்டர்ஆட்டோகம்ப்ளீஷன் என்று ஒரு செட்டிங் இருக்கிறது (பெயரை மூச்சு விடாமல் சொல்ல முடியாது). அதை ட்ரூ ஆக்குங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு யூஐஆட்டோமேட்டர் லொகேட்டரில் (இன்னொரு தேடும் முறை) யூஐசெலக்டரின் ரிசோர்ஸ்ஐடி வைத்துத் தேடுங்கள், அங்கேயும் ஒட்டும் வேலை கிடையாது.

நள்ளிரவு_பில்ட்:
லாகின் ஓடிவிட்டது, கோடி நன்றி! ஆனால் இரண்டு புதுத் தலைவலி. இதுவரை ஒழுங்காக ஓடிய பழைய எக்ஸ்எம்எல் திரைகள் எல்லாம் இப்போது விழுகின்றன. அப்புறம், கீழேயிருந்து எழும்பும் பாட்டம் ஷீட்டில் "உறுதி செய்" பட்டனுக்கு ஐடியே வரவில்லை. வேரில் போட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றீர்களே?

எக்ஸ்பாத்_எதிரி:
முதலாவதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். ஒட்டுவதை நிறுத்தியாயிற்று, ஆகவே பழைய திரைகளுக்குப் பேக்கேஜ் பெயரோடு முழு ஐடியை நீங்கள்தான் எழுத வேண்டும். பேக்கேஜ் பெயரை ஒரே மாறிலியில் வையுங்கள். டீபக் பில்டுக்கு (சோதனைக்கான ஆப் பதிப்பு) பேக்கேஜ் பெயரின் பின்னால் ".டீபக்" சேர்க்கும் வழக்கம் உங்கள் ஆப்பிலும் இருந்தால், அங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது: முழு ஐடியின் முன்பகுதியும் மாறிவிடும்.

பூச்சி_பிடிப்பவர்:
இரண்டாவது என் தவறு, பாதிதான் சொன்னேன். மோடல் பாட்டம் ஷீட், டயலாக், பாப்அப் எல்லாம் தனி விண்டோவில் திறப்பவை. அவற்றுக்குத் தனி வேர். முதன்மைத் திரையில் போட்டது அங்கே எட்டாது. ஷீட்டின் உள்ளடக்கத்துக்கு மேல் அதே செமான்டிக்ஸ் வரியை மறுபடி போடச் சொல்லுங்கள்.

நள்ளிரவு_பில்ட்:
இரண்டும் சரியாகிவிட்டது. டெவலப்பர் எல்லா டயலாக்குகளுக்கும் சேர்த்து ஒரு பொதுவான உறை எழுதிவிட்டார். பழைய ஐடிகளை இன்று மாலைக்குள் மாற்றி முடிப்பேன். ஸ்லீப் 15ஐ யாருக்கும் தெரியாமல் நானும் ஒரு தடவை முயன்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

புதுசு_நான்:
எங்களுடையது ஃபிளட்டர் (ஆப் எழுதும் வேறொரு கட்டமைப்பு) ஆப். அங்கேயும் இதே மாதிரி செய்யலாமா?

பூச்சி_பிடிப்பவர்:
டெஸ்ட்டேக் அங்கே கிடையாது. ஃபிளட்டர் திரையைத் தானே வரைகிறது, செமான்டிக்ஸ் விட்ஜெட்டில் சொல்வதுதான் மரத்துக்கு வரும். அதன் ஐடென்டிஃபையர் ஆண்ட்ராய்டில் ரிசோர்ஸ் ஐடியாகத் தெரியும். முதலில் உங்கள் பேஜ் சோர்ஸை எடுத்துத் தனியாக ஒரு இழை போடுங்கள், பார்ப்போம்.