ஒன்பது ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள்: இனியாவது வாங்கிவிடலாமா?

கேள்வி (வேளச்சேரியிலிருந்து):
மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும் நேரத்தில், இரண்டு மாதத்திற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கொடுக்கும் வாடகை 20,000 ரூபாய். இதே அளவுள்ள வீடு பக்கத்தில் 80 இலட்சத்திற்கு விலைக்கு வருகிறது. கையிலுள்ள 16 இலட்சத்தைப் போட்டு, மீதியை எட்டரை விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை மட்டும் 55,000 ரூபாயைத் தாண்டுகிறது. நாட்டில் வீட்டுத் தட்டுப்பாடு என்று சொல்கிறார்கள். எங்கள் குடியிருப்பிலேயே மூன்று வீடுகள் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கின்றன. எங்களைப் போன்றவர்கள் கடன்பட்டு வாங்குவதுதான் இதற்குத் தீர்வா?

பதில் 1:
உங்கள் ஆண்டு வாடகை 2.4 இலட்சம், அதாவது வீட்டின் விலையில் மூன்று விழுக்காடு. கடனுக்கு முதலாண்டில் கட்டும் வட்டி மட்டுமே ஐந்து இலட்சத்திற்கு மேல். கணக்கின்படி வாடகையே இலாபம். அப்படியிருந்தும் வாங்கத் தோன்றுகிறதென்றால், "காலி செய்யுங்கள்" என்று எவரும் சொல்ல முடியாத நிலைக்காகத்தான் மாதம் 35,000 ரூபாய் கூடுதலாகத் தர முன்வருகிறீர்கள். சட்டம் தர வேண்டிய அந்தப் பாதுகாப்பை வங்கிக் கடனில் வாங்க வேண்டியிருப்பது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது.

தட்டுப்பாட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நகர்ப்புறங்களில் சுமார் 1.88 கோடி வீடுகள் போதவில்லை என்று மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு 2012இல் மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரிய பற்றாக்குறை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ, நகரங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. 80 இலட்சத்து வீடுகளை மேலும் மேலும் கட்டுவதால் முதல் எண் குறையாது. இரண்டாவது எண்தான் கூடும்.

பதில் 2 (தாம்பரத்திலிருந்து):
பூட்டி வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். என் தந்தையார் காலத்தில் குடியிருந்த ஒருவர், வாடகையும் தராமல் வீட்டையும் விடாமல் ஏழு ஆண்டுகள் வழக்கு நடத்தினார். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அந்த அச்சத்தில்தான் பலரும் பதினொரு மாத ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், அல்லது வாடகைக்கே விடுவதில்லை. அந்தப் பழைய சட்டத்திற்குப் பதிலாக 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யச் சொல்கிறது. முன்பணமும் மூன்று மாத வாடகைக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் இருதரப்பும் வேறாக உடன்பட்டால் அந்த வரம்பு பொருந்தாது என்று இடம் விட்டிருப்பதால், பத்து மாத அட்வான்ஸ் கேட்பது இன்றும் நிற்கவில்லை. அந்த விலக்கை நீக்கி, தகராறுகளைச் சில மாதங்களில் முடித்துக் கொடுத்தால், என் வீட்டை நாளையே திறந்துவிடுவேன்.

பதில் 3:
இருவர் சொல்வதும் நடுத்தர வகுப்போடு நின்றுவிடுகிறது. சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து நகரின் விளிம்பிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் மாற்றப்பட்ட குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தது. வேலை நகரத்திற்குள்ளேயே நின்றுவிட்டது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் நாள்தோறும் இரண்டு பேருந்துகள் மாற வேண்டும் என்றால், அந்த ஒதுக்கீட்டு ஆணை எதற்கு உதவும்? ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவின் மாநகராட்சி 1923இல் வீட்டு வசதிக்கென்று தனி வரி விதித்துக் கட்டத் தொடங்கி, இன்று சுமார் 2,20,000 வீடுகளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுகிறது. நம் வீட்டுவசதி வாரியமும் நகரத்திற்குள் இருக்கும் தன் நிலங்களில் கட்டுபவற்றில் ஒரு பங்கையாவது விற்காமல், நியாயமான வாடகைக்கு விட வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பூட்டியிருக்கும் மூன்று வீடுகளில் ஒன்றின் உரிமையாளரிடம், மூன்றாண்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தருவீர்களா என்று இன்று கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.