வீடியோ கேசட் ‘கன்வெர்ஷன்’: ஓடுபடி என்று சொன்னால் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேசட்டில் இருப்பதை டிவிடிக்கோ கணினிக்கோ மாற்றும் ‘கன்வெர்ஷன்’ வேலையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான்கு நாளாக நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பதில் போடாததற்குக் காரணம், இதே வேலையாக அலைந்துகொண்டிருந்தேன். வீட்டுப் பரணில் கிடந்த பதினொரு வீடியோ கேசட்டுகளைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து பார்த்த பிறகு, இங்கே இதுவரை வந்த சொற்களில் ஒன்றுகூட எனக்கு ஒட்டவில்லை.

முதலில் கடையில் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பலகையில் ‘கேசட் டு டிவிடி கன்வெர்ஷன்’ என்று இருக்கிறது. கடைக்காரர் வாயில் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை. “இது ஓடிட்டிருக்கு சார்”, “அது ஏறிடுச்சு”, “ஹெட் கிளீன் பண்ணி மறுபடி ஓட்டுறேன்”. அவருடைய நோட்டில் ஒவ்வொரு கேசட்டுக்கும் நேராக ‘ஓட்டம் 2.40’, ‘ஓட்டம் 1.15’ என்று எழுதியிருந்தது. கூலியும் கேசட் கணக்கில் இல்லை, ஓடிய மணிக் கணக்கில்தான்.

ஏன் மணிக் கணக்கு? பென்டிரைவில் இருப்பதைக் கணினிக்கு மாற்றுவதுபோல இதை அள்ளிப் போட முடியாது. விஎச்எஸ் என்ற வழக்கமான வீடியோ கேசட்டின் நாடா அரை அங்குல அகலம். நம் ஊர்த் தொலைக்காட்சிக்கான ‘பால்’ (PAL) முறையில் வினாடிக்குச் சுமார் 2.3 சென்டிமீட்டர்தான் நகரும். கேசட்டை ஓட்டும் டெக்குக்குள் சாய்வாக இருக்கும் உருளை மட்டும் வினாடிக்கு 25 சுற்று சுற்றி, தன்மேல் இருக்கும் ஹெட்டால் நாடாவில் குறுக்குச் சாய்வாக எழுதியிருக்கும் காந்தக் கோடுகளைப் படித்துக்கொண்டே போகும். வெளியே வரும் மின்னலையை, டெக்குக்கும் கணினிக்கும் நடுவே இருக்கும் கேப்சர் கருவி வினாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை அளந்து எண்ணாக்குகிறது. நாடா எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்தில்தான் எல்லாம் நடக்கும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம். அக்கா கல்யாணத்தில் நலங்கு முடிந்து தாலி கட்டுவதற்குள் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தேன். (1991இல் எடுத்தது. மாப்பிள்ளை முகத்தைச் சுற்றி ஹார்ட்டின் வரைந்திருக்கிறார்கள். அத்தான் அதைப் பார்த்து இன்றைக்கும் கூச்சப்படுகிறார்.)

இனி நீங்கள் தந்த சொற்கள்.

‘எண்மமாக்கம்’ (டிஜிட்டைசேஷன், எண்ணாக்குவது) நல்ல சொல்தான், ஆனால் பொதுச் சொல். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளைப் படம் பிடித்துக் கணினியில் சேர்க்கிறார்களே, அதுவும் எண்மமாக்கம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. நான் கொடுத்ததில் மூன்று, மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட்டுகள், தங்கை மகன் காதுகுத்து. அவற்றில் இருப்பது ஏற்கெனவே எண்தான். கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கம்பியில் அப்படியே எடுக்கலாம், புதிதாக அளக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அதுவும் ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். எண்ணாக இருப்பதை எண்ணாக்குவதாகச் சொல்வது சரியா?

சேலத்து நண்பர் சொன்ன ‘வட்டாக்கம்’, அதாவது டிவிடி வட்டாக்குவது, இன்னும் சீக்கிரம் பழசாகிவிடும். இப்போது கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் பென்டிரைவோடுதான் வருகிறார்கள். அதோடு, 2006இல் வேறொரு கடையில் இதே கல்யாணக் கேசட்டை டிவிடியாக்கி வாங்கியிருந்தோம். அந்தத் தட்டு இன்று எந்தப் பிளேயரிலும் படிக்கவில்லை, கேசட் ஓடுகிறது. அதனால் தட்டோ வட்டோ சொல்லுக்குள் வேண்டாம். (கொழும்புத் தோழி சிடியை ‘இறுவட்டு’ என்று எழுதியது எனக்குக் குறுந்தகட்டைவிடப் பிடித்திருக்கிறது. அது வேறு கதை.)

‘நாடாப்பெயர்ப்பு’ பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். பெயர்த்தால் மூலம் இடத்தை விட்டுப் போய்விடும், சிலை பெயர்ப்பதுபோல என்று ஒருவர். மொழிபெயர்த்தால் மூலம் போய்விடுகிறதா என்று இன்னொருவர். எனக்குப் பின்னவர் பக்கம்தான் நியாயம். ஆனால் மொழிபெயர்ப்பில் பெயர்வது மொழி. இங்கே நாடா எங்கும் பெயரவில்லை, பழைய பெட்டியிலேயே இருக்கிறது.

‘கரையேற்றம்’ என்று யாரோ விளையாட்டாக எழுதியிருந்தீர்கள். கடலூர்க்காரனுக்கு அது விளையாட்டு இல்லை. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சொல்லைப் பார்த்ததும் மனம் சாய்ந்துவிட்டது, ஒளிக்க மாட்டேன். ஆனால் அது இந்த வேலையின் பயனைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. நனைந்துபோன ஹார்டு டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

சரி, என் பங்குக்கு. கல்வெட்டு படிப்பவர்களிடம் ‘மைப்படி’ என்றொரு சொல் உண்டு. படி என்றால் நகல். ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுப்பது. கல் கோயிலிலேயே இருக்கும், எழுத்து மட்டும் தாளில் வந்துவிடும். எதனால் எடுத்தார்களோ அதையே பெயரில் வைத்தார்கள். மையால் எடுத்தது மைப்படி என்றால், ஓட்டத்தால் எடுப்பது ‘ஓடுபடி’. வினை வேண்டும்போது ‘ஓடுபடி எடுப்பது’. கேப்சர் கருவி, ஓடுபடிக் கருவி. நோட்டில் இருக்கும் ‘ஓட்டம்’ இதற்குள் வந்துவிடுகிறது. மினிடிவிக்கும் பொருந்துகிறது. பழைய ஒலிநாடாவுக்கும் பொருந்தும். ஓலைக்கும் புகைப்படத்துக்கும் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம்.

என்ன ஆட்சேபம் வரும் என்று தெரியும். ஓடுவது நாடாவாயிற்றே, படியா ஓடுகிறது? குடிநீர் என்கிறோம், நீரா குடிக்கிறது? வினைத்தொகையில் அந்த இடம் உண்டு. அடுத்து, ஓடு என்றால் கூரை ஓடு நினைவுக்கு வராதா? வராது. கூரை ஓடாக இருந்தால் புணர்ச்சியில் ‘ஓட்டுப்படி’ என்றாகியிருக்கும். அதை நான் தவிர்த்ததற்கு வேறு காரணமும் உண்டு. தேர்தல் நேரத்தில் ஓட்டுப்படி என்று பலகை வைத்தால் கடை வாசலில் வரிசை நிற்கும். பயணப்படி, அகவிலைப்படி எல்லாம் வாங்கிப் பழகிய அரசு ஊழியர்கள் இந்தக் குழுவில் அதிகம், அவர்கள் ‘படி’யைப் பணமாகவே கேட்பார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று மாலை கணக்கு முடிக்கும்போது கடைக்காரரிடம் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “ஓடுபடியா? நல்லாத்தான் சார் இருக்கு” என்றவர், மேசை மேல் தனியாக வைத்திருந்த இரண்டு கேசட்டுகளை என் பக்கம் தள்ளினார். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலில் எங்கள் வீட்டுக் கூரை ஓடு பறந்து பரண் நனைந்தபோது அடியில் இருந்தவை. மூடியைத் தூக்கினால், நாடாச் சுருளின் விளிம்பெல்லாம் விபூதி பூசியதுபோல வெள்ளைப் பூஞ்சை. டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் பரவும் என்று அவர் போட மறுத்துவிட்டார். அதில் ஒன்று தாத்தாவின் அறுபதாம் கல்யாணம்.

“அப்ப ஓடவே ஓடாத இதுக்கு என்ன சார் பேரு?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. குழுவில் யாராவது பூஞ்சை பிடித்த நாடாவைக் கையால் துடைத்துச் சுற்றி ஓட்டியிருந்தால் எழுதுங்கள். சொல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.